ரெட்ரோ மீட்டிங்ல யாரும் வாயே திறக்கலையா? கட்டுமரத்த அவுத்துப் பாருங்க!

[காட்சி: ஓஎம்ஆர் டிராஃபிக், வெள்ளிக்கிழமை சாயந்திரம்]

ஒரு ஸ்பிரின்ட், அதாவது சில வாரத்துல முடிக்கிற ஒரு சுத்து வேலை, முடிஞ்சதும் டீம் உக்காந்து திரும்பிப் பாக்குற மீட்டிங்தான் ரெட்ரோ. மணி நாலு. சோழிங்கநல்லூர்ல ஒரு மீட்டிங் ரூம், ஒன்பது பேர். "இந்த ஸ்பிரின்ட்ல எது நல்லா போச்சு?"ன்னு கேட்டாங்க. ஏசி சத்தம் மட்டும்தான் வந்துச்சு. கடைசியா ஒருத்தர், பாவம், "டீம் ஒர்க்"னாரு. எல்லாரும் தலையாட்டிட்டு கேப் புடிக்க ஓடிட்டோம்.

ரெண்டு வாரம் கழிச்சு அதே ஒன்பது பேர். போர்டுல ஒரு வாழை இலை படம். எங்க டெஸ்டர் ஒரே ஒரு வார்த்தை எழுதி ஒட்டினாங்க, எல்லாரும் கப்சிப். அது என்ன வார்த்தைன்னு கடைசில சொல்றேன். ஓட்டிப் பாக்குற ஆளுங்கள எனக்குத் தெரியும், அந்த வேலையெல்லாம் வேணாம்.

[திரையில்: 2001, ஸ்நோபேர்ட்]

வரலாறு, சட்டுனு முடிச்சிடலாம். 2001 பிப்ரவரில அமெரிக்காவோட யூட்டா மலையில, ஸ்நோபேர்ட்ங்கிற இடத்துல 17 பேர் கூடி அஜைல் மேனிஃபெஸ்டோ எழுதினாங்க. சாஃப்ட்வேர சின்னச் சின்ன சுத்தா செய்யுற முறைக்கான அறிக்கை அது. அதோட சேர்ந்த 12 கொள்கைல கடைசி ஒண்ணு: டீம் அப்பப்ப உக்காந்து தன்னையே திரும்பிப் பாத்து சரி பண்ணிக்கணும். ஒரு மாச ஸ்பிரின்ட்டுக்கு ரெட்ரோ மூணு மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு ஸ்க்ரம்ங்கிற அஜைல் முறையோட கைடு சொல்லுது. அவ்ளோதான் வரலாறு.

இப்ப தீம், அதாவது ரெட்ரோல பேச்ச ஆரம்பிக்க போர்டுல வரையுற படம். உலகம் முழுக்க ஓடுறது பாய்மரப் படகு. தீவுன்னா இலக்கு. காத்துன்னா தள்ளி விட்டது. நங்கூரம்னா இழுத்துப் புடிச்சது. பாறைன்னா இனிமே வரப்போற ஆபத்து. நல்ல தீம்தான். ஆனா மெரினாவ வெச்சுக்கிட்டு நாம ஏன் யாரோ ஒருத்தர் படகுல ஏறணும்?

[காட்சி: நொச்சிக்குப்பம் கரை]

நம்மகிட்ட கட்டுமரம் இருக்கு. இங்கிலீஷ்ல 'கேட்டமரான்'னு சொல்றாங்களே, அது நம்ம வார்த்தைதான். இப்ப அந்தப் பேர்ல ரெண்டு அடிப்பாகம் வெச்ச சொகுசுப் படகு ஓடுது. நம்மளது அப்படி இல்ல, கட்டைகளக் கயித்தால கட்டினது. ஆணி கிடையாது.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான். கடல்ல இருந்து வந்ததும் கயித்த அவுத்துடுவாங்க! கட்டை தண்ணி குடிச்சு கனத்துப் போயிருக்கும். தனித்தனியா மணல்ல காயப் போட்டு, அடுத்த தடவ மறுபடியும் கட்டுவாங்க. இன்னைக்கு கரையில பெரும்பாலும் ஃபைபர் போட்தான், இந்தக் காட்சி அபூர்வம். ஆனா ரெட்ரோவுக்கு இதவிட நல்ல படம் எனக்குத் தெரியல. யாரும் உடைஞ்சு போகல, கட்டை தண்ணி குடிச்சிருக்கு. ரெட்ரோ பத்தி புக் எழுதின நார்ம் கெர்த் அதுக்கு வெச்ச அடிப்படை விதியும் கிட்டத்தட்ட இதுதான்: அன்னைக்குத் தெரிஞ்சத, கையில இருந்தத வெச்சு எல்லாரும் முடிஞ்சத செஞ்சாங்கன்னு நம்பிட்டுத்தான் பேச்ச ஆரம்பிக்கணும்.

அப்புறம் காத்து. வடக்கிருந்து வாடை, கிழக்கிருந்து கொண்டல், தெற்கிருந்து தென்றல், மேற்கிருந்து கோடை. இத்தன பேர் வெச்ச மொழில 'காத்து'ன்னு ஒரே கட்டம் போட்டா நியாயமா? நாங்க நாலு கட்டம் போட்டோம்: கிளையன்ட் பக்கம், மேலிடம், டீமுக்குள்ள, ஊரு. ஊரு எதுக்கா? மெட்ரோ வேலைல மாட்டினவங்கள கேளுங்க.

தீவ மட்டும் அவங்கவங்கள தனித்தனியா வரையச் சொல்லுங்க. எங்க டீம்ல ஒன்பது பேருக்கு நாலு தீவு வந்துச்சு. மூணு மாசமா ஏன் சுத்திக்கிட்டே இருந்தோம்னு அப்பத்தான் புரிஞ்சது.

நடத்துறது சுலபம். பத்து நிமிஷம் பேசாம எழுதணும், ஆளுக்கு மூணு ஓட்டு, ஜெயிச்ச ஒண்ணு ரெண்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு ஆள், ஒரு தேதி. அந்தத் தேதிய எழுதலைன்னா கட்டைய அவுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போன கதைதான். அப்ரைசல இதுல கலக்காதீங்க. ரேட்டிங் போடுறவர் பேனாவோட உக்காந்தா மறுபடி ஏசி சத்தம்தான்.

[திரையில்: வாழை இலை]

சரி, அந்த இலை. அது நாங்க வெச்ச இன்னொரு தீம். மூணு கேள்விதான்: எத ரெண்டாவது தடவ கேட்டு வாங்குவீங்க? எதுல உப்பு கம்மி? எத ஓரமா ஒதுக்கினீங்க? மூணாவதுல டெஸ்டர் எழுதினது: "கறிவேப்பிலை."

யாரோ சிரிச்சாங்க. அவங்க சிரிக்கல. "வாசனைக்கு நான் வேணும். ரிலீஸுக்கு மொத நாள் கூப்பிடுவீங்க, முடிஞ்சதும் ஒதுக்கிடுவீங்க"ன்னாங்க. 'எது சரியில்ல?'ன்னு நேரா கேட்ட ஆறு மீட்டிங்ல இது வெளிய வரல. திங்கக்கிழமை பிளானிங் இன்வைட்ல அவங்க பேரு முதல்ல இருந்துச்சு.

உங்க டீம்ல யாரு கறிவேப்பிலை? கமென்ட்ல சொல்லுங்க. மேனேஜர் இந்த சேனல பாக்குறாருன்னா, வேற ஐடில.