தூக்குக் கயித்துல இருந்து காப்பாத்துனது ஒரு அடமானக் கடன்! ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ் பார்க்கலாமா, வேண்டாமா?

(திரை கறுப்பு. பூச்சிச் சத்தம் மட்டும்.)

ஒரு மனுஷனைத் தூக்குல போடப் போறாங்க. மரக்கிளையில கயிறு மாட்டியாச்சு. மூணு பேர் சேர்ந்து இழுக்கிறாங்க, கால் தரையை விட்டுக் கிளம்புது. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் கைத்துப்பாக்கியை நீட்டிக்கிட்டே வர்றாரு. நம்ம சினிமா பார்த்து வளர்ந்த மூளை உடனே என்ன எதிர்பார்க்கும்? "டேய், அவனும் மனுஷன்தான்டா"ன்னு ஒரு டயலாக், பின்னாடி ஒரு வயலின்.

வந்தவர் பேசுனது கடன் கணக்கு. இந்த ஆள் மேல என் முதலாளிக்கு அடமான பாக்கி நிக்குது, இவன் செத்தா அவரோட பணம் போயிடும், அதனால தூக்குல போட உங்களுக்கு உரிமை கிடையாது. அவ்வளவுதான். அன்னிக்கு அந்த உயிரைக் காப்பாத்துனது மனிதாபிமானம் இல்லீங்க, அடமானம்!

வணக்கம் மக்களே. இன்னிக்கு நாம பேசப் போற படம் "ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்". 2013ல வந்தது. "பார்க்கலாமா ப்ரோ, ரொம்பக் கொடுமையா இருக்குமாமே"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. பதிலைக் கடைசியில சொல்றேன். (ஸ்க்ரோல் பண்ணிப் போய் பார்க்காதீங்க, நான் பாவம்.)

முதல்ல விருதுக் கணக்கை முடிச்சிடுவோம். ஒன்பது ஆஸ்கர் பரிந்துரை, மூணு ஆஸ்கர். சிறந்த படம், தழுவல் திரைக்கதை, துணை நடிகை. ஒரு கறுப்பின இயக்குநர் எடுத்த படம் சிறந்த படமா ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. இயக்குநர் பேரு ஸ்டீவ் மெக்வீன். பழைய ஹாலிவுட் ஹீரோ ஸ்டீவ் மெக்வீன்னு நினைச்சுக்காதீங்க, அவர் 1980லயே இறந்துட்டார். இவர் லண்டன்காரர்.

இதுல ஒரு கூத்து. ஆஸ்கர் ஓட்டுப் போடுறவங்கள்ல ரெண்டு பேர், "நாங்க படத்தைப் பார்க்கவே இல்லை, மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டோம், ஆனா சமூகத்துக்கு முக்கியமான படமாச்சேன்னு ஓட்டுப் போட்டுட்டோம்"ங்கிற மாதிரி லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகைகிட்ட பேர் சொல்லாம ஒத்துக்கிட்டாங்க. வாட்ச்லிஸ்ட்ல போட்டு வச்சுட்டு, யாராவது கேட்டா "செம படம்ல"ன்னு சொல்றோமே, அதே ஆளுங்கதான் அங்கயும் இருக்காங்க.

கதையை வேகமா சொல்லிடறேன். சாலமன் நார்த்தப். நியூயார்க் மாநிலத்துல சாரட்டோகாங்கிற ஊர்ல மனைவி, பிள்ளைங்களோட வாழ்ந்த சுதந்திர மனிதர். வயலின் வாசிப்பார். 1841ல ரெண்டு பேர் வந்து, சர்க்கஸ்ல வாசிக்க நல்ல சம்பளம்னு ஆசை காட்டி வாஷிங்டனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க மயங்கி விழுந்தவர் கண்ணு முழிச்சப்போ கையில சங்கிலி. பேரையும் பிளாட்னு மாத்திக் கப்பல்ல ஏத்தி, நியூ ஆர்லியன்ஸ்ல 1000 டாலருக்கு வித்துட்டாங்க. 12 வருஷம் லூசியானாவுல அடிமை. 1853 ஜனவரியில விடுதலை. அதே வருஷம் புத்தகம் வந்துச்சு, முப்பதாயிரம் பிரதி போச்சு. அதுதான் படம். நிஜக் கதை.

ஒண்ணு மட்டும் கவனிங்க. அவரை அடைச்சு வச்ச இடம் வாஷிங்டன்ல, நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுல படுற தூரத்துல இருந்துச்சு. படத்துல சாலமன் ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி நின்னு கத்துவார். கேமரா அப்படியே மேல ஏறும். தூரத்துல அந்தக் கட்டடம் தெரியும். வசனமே கிடையாது.

சரி, அடமானத்துக்கு வருவோம். இந்த வீடியோ பண்ணணும்னு தோணினதே இதுக்காகத்தான்.

சாலமனோட முதல் முதலாளி வில்லியம் ஃபோர்டு. படத்துல பெனடிக்ட் கம்பர்பேட்ச். நல்ல மனுஷன். பைபிள் படிப்பார், சாலமனுக்கு வயலின் வாங்கிக் கொடுப்பார். இந்த நல்ல மனுஷன் தன் சகோதரனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டார். ஆமாங்க, ஜாமீன். நம்ம குடும்பத்துல எத்தனை வீடு இந்த ஒரு கையெழுத்துல போயிருக்கு! ஃபோர்டுக்கு வீடு போகலை. 18 பேர் போனாங்க. கடனை அடைக்க 18 அடிமைகளைக் கைமாத்தினார், அதுல ஒருத்தர் சாலமன்.

சாலமனை வாங்கினது திபீட்ஸ்ங்கிற தச்சர். ஃபோர்டு அவருக்குக் கூலி பாக்கி வச்சிருந்தார். ஆனா சாலமனோட விலை அந்தப் பாக்கியை விட அதிகம். மீதி 400 டாலருக்கு என்ன பண்றது? சாலமன் மேலயே அடமானம் எழுதிட்டாங்க.

புரியலையா? உங்க பைக் ஆர்.சி. புக்கை எடுத்துப் பாருங்க. லோன்ல வாங்கியிருந்தா, உங்க பேரோட கடன் கொடுத்தவங்க பேரும் ஹைப்பாதிகேஷன்னு ஏறியிருக்கும். வண்டி ஓட்டுறது நீங்க, பெட்ரோல் போடுறது நீங்க, ஆனா டியூ முடியாம வண்டியை விக்க முடியாது. திபீட்ஸ் நிலைமையும் அதுதான். சாலமனை வேலை வாங்கலாம், அடிக்கலாம். டியூ முடியுற வரைக்கும் கொல்லக்கூடாது.

இந்த உதாரணத்தை யோசிச்சப்போ எனக்கே சிரிப்பு வந்துச்சு. எழுதி முடிச்சப்புறம் வரலை.

ஏன்னா இது ஏதோ ஒரு தச்சரோட தில்லாலங்கடி இல்லை. வங்கிகளே இதைப் பண்ணிச்சு. 2005ல ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கி பகிரங்கமா மன்னிப்புக் கேட்டுச்சு. அவங்களோட இணைஞ்ச பழைய வங்கிகள்ல ரெண்டு, லூசியானாவுல 1831ல இருந்து 1865 வரைக்கும் சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடா ஏத்துக்கிட்டிருக்கு. கடன் திரும்பி வராதப்போ சுமார் 1,250 பேர் வங்கியோட சொத்தா ஆனாங்க. நகைக்கடன்ல மூழ்கிப் போன நகை மாதிரி, மூழ்கிப் போன மனுஷங்க!

இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தக் காட்சியைப் பாருங்க. துப்பாக்கியோட வந்தவர் ஃபோர்டோட மேற்பார்வையாளர். தூக்குல போட வந்த திபீட்ஸ் கூட்டத்தை விரட்டிடுறார். சாலமனை இறக்கி விடுறாரா? இல்லை! கழுத்துல கயிறு அப்படியே இருக்கு. கால் விரல் நுனி மட்டும் சேத்துல படுது. வழுக்குது, ஊணுறார், வழுக்குது. அடமானம் பிடிச்ச ஃபோர்டு வந்து பார்க்கணும்ல, அதுவரைக்கும் அப்படியே நிக்கட்டும்.

கேமரா தள்ளி நிக்குது. வெட்டலை. இசை இல்லை. பின்னாடி குடிசையில இருந்து ஆளுங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்து அவங்கவங்க வேலையைப் பார்க்க ஆரம்பிக்கிறாங்க. ஒரு பொண்ணு ஓடி வந்து தண்ணி கொடுத்துட்டுப் பயந்து ஓடுது. அப்புறம் குழந்தைங்க விளையாடுறாங்க. தொங்கிக்கிட்டு இருக்கிற மனுஷனுக்குப் பின்னாடி, சிரிச்சுக்கிட்டே. பொழுது சாயற வரைக்கும்.

இங்கதான் என் ஒரே வேண்டுகோள். என் வீடியோவை 1.5 ஸ்பீடுல பாருங்க, எனக்குத் தெரியும், நீங்க அப்படித்தான் பார்க்குறீங்க, கோபமில்லை. இந்தக் காட்சியை மட்டும் பத்து செகண்ட் கூட தள்ளிவிடாதீங்க. முதல் தடவை நான் தள்ளினேன். "சரி, புரிஞ்சிடுச்சு, அடுத்து?"ன்னு ரெண்டு தட்டு தட்டினேன். தட்டினப்புறம்தான் உறைச்சுது, பின்னாடி வேலையைப் பார்த்துட்டுப் போறவங்களோட நானும் சேர்ந்து நடந்துட்டு இருக்கேன்னு. அவங்களுக்காவது சாட்டை பயம். எனக்கு என்ன அவசரம்?

அடுத்து, எல்லாரும் சாட்டையைப் பத்தித்தான் பேசுவாங்க. எனக்குச் சாட்டையை விட தராசுதான் பயமா இருந்துச்சு.

ஃபோர்டு, திபீட்ஸ் கை மாறி சாலமன் கடைசியில எட்வின் எப்ஸ்கிட்ட வந்து சேர்றார். படத்துல மைக்கேல் ஃபாஸ்பெண்டர். பருத்திக் காடு. தினமும் சாயங்காலம் ஒவ்வொருத்தர் எடுத்த பருத்தியையும் எடை போடுவாங்க. ஒரு ஆளுக்கு 200 பவுண்டு கணக்கு, கிட்டத்தட்ட 90 கிலோ. குறைஞ்சா அடி. இது படத்துலயே இருக்கு. புத்தகத்துல சாலமன் இன்னொண்ணு சொல்றார். நிர்ணயிச்ச அளவை விடப் பத்து, இருபது பவுண்டு கூட எடுத்துட்டா? பாராட்டு கிடையாது. நாளைக்கு உன் அளவு அதுதான்! குறைச்சு எடுத்தாலும் பயம், கூட எடுத்தாலும் பயம். டார்கெட் வேலை பார்க்கிறவங்க இப்போ "ஆமா ப்ரோ"ன்னு கமென்ட் போடப் போறீங்கன்னு தெரியுது. போடாதீங்க. நீங்க ராஜினாமா பண்ணலாம்.

அந்தக் காட்டுல அதிகமா எடுக்கிறவங்க பாட்ஸிங்கிற சின்னப் பொண்ணு. ஒரு நாளைக்கு 500 பவுண்டு, 225 கிலோவுக்கு மேல. பருத்தி எடுத்துப் பார்த்தவங்களுக்குத்தான் இந்த எண்ணோட எடை தெரியும். கைநிறைய அள்ளினாலும் கனமே இருக்காது, காஞ்ச காயோட நுனி நகக்கண்ணைக் குத்தும். சாலமன் இதுல சுத்த மோசம். வயலின் வாசிச்ச விரல். முதல் நாள் அவர் எடுத்தது 95 பவுண்டுன்னு அவரே எழுதியிருக்கார்.

இவ்வளவு எடுத்துக் கொடுக்கிற பாட்ஸிக்கு என்ன கிடைக்குது? எப்ஸோட ராத்திரித் தொல்லை, எப்ஸ் மனைவியோட பகல் வெறி. அந்த வீட்டுல அவ உடம்பைக் கழுவ ஒரு துண்டு சோப்பு கூட கிடைக்காது. அந்த சோப்பைப் பத்தின காட்சியை நான் விவரிக்கப் போறதில்லை. பாட்ஸியா நடிச்ச லுபிடா நியோங்கோவுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு விஷயம், சீக்கிரம். ஒருத்தர் 12 வருஷம் ஒரு கடிதாசி கூடவா போடலைன்னு கேப்பீங்க. ஒரு தாள் கைக்குக் கிடைக்கவே 9 வருஷம் ஆச்சுன்னு எழுதியிருக்கார். மையை அவரே மரப்பட்டையைக் கொதிக்க வச்சுப் பண்ணார், பேனாவுக்கு வாத்து இறகு. அனுமதிச் சீட்டு இல்லாம தோட்டத்தை விட்டு வெளிய போக முடியாது. முதலாளி எழுதிக் கொடுக்காம போஸ்ட்மாஸ்டர் கடிதத்தை வாங்க மாட்டார்.

இப்போ குறைகள். இருக்கு.

ஒண்ணு, 12 வருஷம் ஓடினது படத்துல தெரியலை. ரெண்டே கால் மணி நேரத்துல சாலமனா நடிச்ச சிவெட்டெல் எஜியோஃபோர் தலையில கொஞ்சம் நரை வருது, அவ்வளவுதான். ஒரு கோடை காலம்னு சொன்னாலும் நம்பிடுவோம்.

ரெண்டு, பிராட் பிட். மனுஷன் இந்தப் படத்தோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தர். படம் முடியுற நேரத்துல கனடா நாட்டுத் தச்சரா வந்து, நல்ல நல்ல கருத்தா சொல்லி, கடிதம் போட்டு ஹீரோவைக் காப்பாத்திட்டுப் போயிடுறார். அந்தத் தச்சர் நிஜமாவே இருந்தார், கடிதமும் போட்டார், அதுல தப்பில்லை. ஆனா பிராட் பிட் முகம் தெரிஞ்சதும் "அப்பாடா, ஸ்டார் வந்துட்டாரு"ன்னு மூளை ரிலாக்ஸ் ஆயிடுது. இத்தாலியில ஒருபடி மேல போய், பிராட் பிட் முகத்தைப் பெருசாப் போட்டு, கதாநாயகனை ஓரத்துல சின்னதா ஓட விட்டுப் போஸ்டர் அடிச்சாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் திரும்ப எடுத்துட்டாங்க. அடிமைத்தனம் பத்தின படத்துக்கு இப்படி ஒரு போஸ்டர்!

மூணாவது கொஞ்சம் பெருசு. படத்துல ஒரு ராத்திரி பாட்ஸி, "என்னைக் கொன்னுடு"ன்னு சாலமன்கிட்ட கெஞ்சுவா. புத்தகத்துல அப்படி இல்லை. பாட்ஸியை ரகசியமா கொன்னுடச் சொல்லி சாலமனுக்குக் காசு ஆசை காட்டினது எப்ஸோட மனைவி. படத்துல அந்த ஆசை பாட்ஸியோடதா மாறிடுச்சு. நியோங்கோ அந்தக் காட்சியில பின்னியிருக்காங்க. ஆனா எனக்குப் புத்தகத்துல இருக்கிறதுதான் பெருசுன்னு தோணுது. வாழ விரும்புன ஒரு பொண்ணை, கூட இருக்கிற அடிமையை வச்சே முடிச்சுடலாம்னு ஒரு குடும்பத் தலைவி நினைக்கிறா பாருங்க.

படம் முடிஞ்சதும் எழுந்திருக்காதீங்க, எழுத்து வரும். தன்னை வித்த வியாபாரி மேல சாலமன் வாஷிங்டன்ல வழக்குப் போட்டார். வியாபாரி சாட்சி சொன்னார். சாலமன் கறுப்பினத்தவர்ங்கிறதால, அவரைச் சாட்சி சொல்லவே சட்டம் விடலை. வழக்கு போச்சு. அவரை அடமானம் வைக்கலாம், விக்கலாம், சாட்சிக் கூண்டுல மட்டும் ஏத்த முடியாது.

அப்போ பார்க்கலாமா? பாருங்க. கண்டிப்பா பாருங்க. ஆனா சாப்பிட்டுக்கிட்டே பார்க்கிற படம் கிடையாது. குழந்தைங்களோட உட்காராதீங்க. சாட்டையடி, பாலியல் வன்கொடுமை எல்லாம் ஒளிவுமறைவில்லாம இருக்கு. பாட்ஸியை அடிக்கிற காட்சி வெட்டே இல்லாம ரொம்ப நேரம் போகும். ஏற்கெனவே மனசு சரியில்லாத வாரம்னா தள்ளிப் போடுங்க, படம் எங்கயும் ஓடிடாது. இங்கிலீஷ் பழைய பாணி, சப்டைட்டில் போட்டுக்கோங்க. மொபைல்ல வேண்டாம். அந்தத் தூக்குக் காட்சியில பின்னாடி நடக்கிறவங்க உங்க கட்டைவிரல் அளவுக்குக் கூட தெரிய மாட்டாங்க.

கடைசியா ஒரு டிப். சாலமன் விடுதலையாகி வண்டியில ஏறும்போது எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். ரெண்டாவது தடவை பார்த்தீங்கன்னா அவரை விட்டுடுங்க, அவருக்குப் பின்னாடி பாருங்க. ஃபோகஸ் இல்லாம கலங்கலா ஒரு உருவம் நிக்கும், வண்டி நகர நகர அப்படியே சரிஞ்சு விழும். அது பாட்ஸி.