பாட்டி விட்ட எழுத்துப்பிழை: தாய்வழி டி.என்.ஏ. என்ன சொல்கிறது?

[திரையில்: கார் நிறுத்துமிடம், நடுவே தோண்டிய பள்ளம்]

2012. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரம். கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினால் ஓர் எலும்புக்கூடு. மண்டையோட்டில் வெட்டுக்காயம், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. 1485இல் பாஸ்வர்த் போரில் மாண்ட அரசர் மூன்றாம் ரிச்சர்டா இவர்?

எலும்பிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை எடுத்தார்கள். மைட்டோகாண்ட்ரியா என்றால் செல்லுக்கு ஆற்றல் தரும் குட்டி உறுப்பு, அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. ஒரு செல்லுக்குள் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அதனால் பழைய எலும்பிலும் மிஞ்சும். டி.என்.ஏ.வின் வேதி அலகுகளை எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், இதில் 16,569 எழுத்துகள்தான். அம்மாவிடமிருந்துதான் வரும். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும். ஆக, ரிச்சர்டின் பிள்ளைகளைத் தேடிப் பயனில்லை. அவருடைய அக்கா ஆனின் மகள், அந்த மகளின் மகள் என்று இறங்க வேண்டும்.

[திரையில்: ஓலைச்சுவடி, ஓர் எழுத்து மட்டும் சிவப்பில்]

ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதும்போது ஒருவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்த ஏட்டிலிருந்து படியெடுத்த எல்லா ஏட்டிலும் அதே பிழை தொடரும். பாடபேதத்தை வைத்து எந்த ஏடு எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்கள் அல்லவா? டி.என்.ஏ. தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போதும் அதே கதைதான். ஒரே பிழைகளைச் சுமக்கும் கூட்டத்துக்கு ஹாப்லோகுரூப் என்று பெயர். ரிச்சர்டுடையது ஜே1சி2சி. ஜே பெரிய கிளை, ஜே1 அதில் ஒரு கொப்பு, அப்படியே நுனி வரைக்கும்.

ஆனின் வழியில் கிடைத்தவர் மைக்கேல் இப்சன், லண்டனில் மரச்சாமான் செய்பவர். 16,569 எழுத்தும் அப்படியே ஒத்துப்போயின. இன்னொரு கிளையில் வந்த பெண்ணுக்கு ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் ஒய் குரோமோசோமோ, ரிச்சர்டின் தந்தைவழி உறவினர்களோடு ஒத்துப்போகவில்லை. வம்சாவளியில் எழுதியிருந்த அப்பாக்களில் யாரோ ஒருவர் நிஜ அப்பா இல்லை!

[திரையில்: உலக வரைபடம், ஆப்பிரிக்காவிலிருந்து கிளைகள்]

சரி, நம் கதை? ஆப்பிரிக்காவில் தோன்றிய எல்3 கிளையிலிருந்து 'எம்', 'என்' (M, N) என்று இரண்டு கிளைகள் பிரிந்தன. இந்தியர்களில் பாதிக்கு மேல் எம். தென்னிந்தியாவில் அதன் மிகப் பழைய கிளைகளில் ஒன்றான எம்2 இருக்கிறது. ரிச்சர்டின் 'ஜே' கிளை, 'என்' (N) கிளையின் வழியில் வந்தது. எனவே பரிசோதனையில் உங்களுக்கு 'எம்' வந்தால், அந்த அரசருடைய தாய்வழியும் உங்களுடையதும் எல்3இல் போய்ச் சேரும். சுமார் 70,000 ஆண்டுக்கு முந்தைய உறவு, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும். பரிசோதனை விற்பவர்கள் 'உங்கள் பூர்விகம் இதுதான்' என்பார்கள். பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். இந்தத் தாய்வழிப் பரிசோதனை பேசுவது அதில் ஒரே ஒருத்தியைப் பற்றி. உங்கள் அப்பாவைப் பெற்ற அப்பாயி இதில் வரவே மாட்டார்.

[திரையில்: மரப்பெட்டி, லெஸ்டர் பேராலயம்]

2015இல் ரிச்சர்டை மறுபடி அடக்கம் செய்தார்கள். சவப்பெட்டியைச் செய்து கொடுத்தவர் இப்சன்.