ஆறவிட்டது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஸ்டார் ஃபாக்ஸ் 2 விளையாட்டை நின்டெண்டோ 1995-ல் நிறுத்தியது சரியா, தவறா?' இதுதான் தலைப்பு. ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனம் நின்டெண்டோ; அது வெளியிடாமல் நிறுத்திய வீடியோ கேம் ஸ்டார் ஃபாக்ஸ் 2. தவறு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், சோனியின் புதிய கன்சோலான, அதாவது விளையாட்டுப் பெட்டியான, பிளேஸ்டேஷன் வந்த பிறகு இதை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டார். கன்சோலில் செருகும் விளையாட்டு அட்டையான கேட்ரிட்ஜுக்குள் வைக்கும் சிப்புக்கே காசு போயிருக்கும் என்றார். கடைசியில் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று சொல்லி ஒரு கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல பழமொழிதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், இந்த விளையாட்டை அறியாத பெரியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993-ல் ஸ்டார் ஃபாக்ஸ் வந்தது. நரி ஒன்று விமானி. அதன் கூட்டாளிகள் ஒரு பறவை, ஒரு முயல், ஒரு தவளை. ஆர்விங் என்ற விண்கலத்தில் ஏறி, ஆண்ட்ராஸ் என்ற கொடியவனோடு சண்டை போடுவார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் திரையில் தெரிந்தது முப்பரிமாண உலகம். நின்டெண்டோவின் அப்போதைய கன்சோலான சூப்பர் நின்டெண்டோவால் தனியாக அப்படிப்பட்ட படத்தை வரைய முடியாது. லண்டனில் இருந்த ஆர்கொனாட் நிறுவனத்தின் இளைஞர்கள் ஒரு சிப்பை உருவாக்கி, அதைக் கேட்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தார்கள். சூப்பர் எஃப்எக்ஸ் என்று அதற்குப் பெயர். விளையாட்டை வாங்கினால், கன்சோலுக்குக் கூடுதல் மூளையும் சேர்ந்து வந்தது. அந்த இளைஞர்களில் ஒருவர் டிலன் கத்பர்ட். கியோட்டோவுக்கே போய், நின்டெண்டோவில் ஷிகெரு மியாமோட்டோவின் குழுவோடு உட்கார்ந்து வேலை செய்தவர். இரண்டாம் பாகத்துக்கு முதன்மை நிரலாளர் அவர்தான்.

இரண்டாம் பாகத்தில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வழக்கே புரியாது, நடுவர் அவர்களே. முதல் பாகத்தில் உங்கள் கலம் போட்ட பாதையில்தான் போகும். நீங்கள் விலகலாம், சுடலாம், அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் பாதையே கிடையாது. உங்கள் முன்னால் ஒரு விண்வெளி வரைபடம் விரிகிறது. ஒரு மூலையில் உங்கள் தாய்க் கிரகம் கார்னீரியா. எதிர்ப்பக்கத்திலிருந்து ஏவுகணைகளும் போர்க்கப்பல்களும் அதை நோக்கி வந்துகொண்டே இருக்கும். எதை முதலில் தடுப்பது என்பது உங்கள் முடிவு. தொலைவில் இருக்கும் எதிரியின் தளத்துக்குள் நீங்கள் புகுந்திருக்கும்போதும் நேரம் நிற்காது. உள்ளே நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள், வெளியே ஏவுகணை நகர்ந்துகொண்டிருக்கும். கார்னீரியாவின் சேதம் 100 சதவீதத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. தளத்தை முடித்துவிட்டுப் போகலாமா, பாதியில் விட்டுவிட்டு ஊரைக் காப்பாற்ற ஓடலாமா? கை வியர்க்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பறந்த கலம் இரண்டு காலில் நடக்கும் இயந்திரமாக மாறி, தளத்தின் தாழ்வாரங்களில் நடந்து போகும். 1995-ல், 16 பிட் கன்சோலில் இதெல்லாம்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பாகத்தில் விமானிகள் நான்கு பேரும் ஆண்கள். இரண்டாம் பாகத்தில் மியு, ஃபே என்று இரண்டு பெண் விமானிகள் புதிதாக வந்தார்கள். அண்ணன் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கைகள் எத்தனை பேர் 'நான் மியு' என்று கேட்டு வாங்கி ஆடியிருப்பார்கள்! எதிரணியின் கணக்கு வழக்குகளில் அந்தத் தங்கைகள் வரவே இல்லை.

1995 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் இதைக் காட்டினார்கள். பத்திரிகைகளில் படங்கள் வந்தன. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அப்புறம் சத்தமே இல்லை.

எதிரணி என்னைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். எந்த விளையாட்டையும் நிறுத்தவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2011-ல் கேப்காம் நிறுவனம் மெகாமேன் லெஜண்ட்ஸ் 3 விளையாட்டைப் பாதியில் நிறுத்தியது. கதாநாயகியின் தோற்றத்தையே ரசிகர்களிடம் வாக்கு கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறுத்தினார்கள். அந்த வலி பெரிது. ஆனாலும் அது முடியாத வேலை, இன்னும் எவ்வளவோ பணம் போட வேண்டிய வேலை. அங்கே நிறுவனத்தின் பக்கம் ஒரு நியாயம் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஸ்டார் ஃபாக்ஸ் 2 அப்படி இல்லை. அதை முழுமையாக முடித்துவிட்டோம் என்று கத்பர்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமைத்து, இலை போட்டு, உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்பியது போன்ற காரியம் இது.

சரி, சிப் விலைக்கு வருவோம். இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்பட்டது சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற மேம்பட்ட சிப். அதே 1995-ல் யோஷிஸ் ஐலண்ட் என்ற விளையாட்டை நின்டெண்டோ வெளியிட்டது. அதன் கேட்ரிட்ஜுக்குள் என்ன இருந்தது? அதே சூப்பர் எஃப்எக்ஸ் 2! அதே ஆண்டில் அதே கன்சோலுக்கு வந்த டூம் விளையாட்டிலும் அதே சிப்தான். யோஷிக்குக் கட்டுப்படியான விலை நரிக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகாமல் போகும்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பிளேஸ்டேஷன் வாதம் வலுவானது, மறுக்கவில்லை. 1994 கடைசியில் ஜப்பானில் சேகா சாட்டர்ன் என்ற கன்சோலும் பிளேஸ்டேஷனும் அடுத்தடுத்து வந்தன. அவற்றின் படங்களுக்குப் பக்கத்தில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 கொஞ்சம் திக்கித் திணறித்தான் தெரிந்திருக்கும். தங்களுடைய அடுத்த கன்சோலான நின்டெண்டோ 64-ல் வரப்போகும் முப்பரிமாணம் வேறு, பழைய கன்சோலின் முப்பரிமாணம் வேறு என்று கோடு போட்டுப் பிரிக்க மியாமோட்டோ நினைத்தார். நினைத்தது சரி. நடந்தது என்ன? நின்டெண்டோ 64 தள்ளிப்போய், 1996 ஜூனில்தான் ஜப்பானில் வந்தது. அதில் ஸ்டார் ஃபாக்ஸ் 64 வந்தது 1997-ல். முடிந்துபோன ஒரு விளையாட்டு பெட்டியில் கிடக்க, நரிக்காகக் காத்திருந்த பிள்ளைகள் ஏறக்குறைய 2 வருடம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு 2 வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று இங்கே இருக்கும் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இடையில் அதை வெளியிட்டிருக்கலாம், அவகாசம் இருந்தது என்று கத்பர்டும் பிறகு சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, பெருந்தன்மையான மனிதர். அவருக்காக நான் சொல்கிறேன்.

'யோசனைகள் வீணாகவில்லையே, அடுத்த பாகங்களில் பயன்பட்டனவே' என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். என் மனதை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். எந்தத் திசையிலும் பறக்கும் வசதி 1997-ல் ஸ்டார் ஃபாக்ஸ் 64-க்குப் போனது. வரைபடத்தில் திட்டம் போடும் முறை 2006-ல் ஸ்டார் ஃபாக்ஸ் கமாண்டுக்குப் போனது. அதைச் செய்தது கத்பர்ட் தொடங்கிய நிறுவனமே. நடக்கும் இயந்திரம் 2016-ல் ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவில் வந்தது. ஒரே விளையாட்டில் சேர்ந்து மூச்சுவிட்டவற்றைப் பிரித்து 20 ஆண்டுகளுக்குப் பங்கு போட்டார்கள். திட்டமும் சண்டையும் நேரமும் ஒன்றையொன்று நெருக்கும்போதுதான் அந்தப் பதற்றம் வரும். ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது நடப்பது வேறு, சும்மா நடப்பது வேறு. கடைசியில் மூலம் வெளியே வந்தபோது, அதைப் புதிதாகப் பார்த்தவர்களுக்கு 'இதெல்லாம் ஏற்கெனவே ஆடியதுதானே' என்று தோன்றியது. மூலத்தையே நகலாக்கிவிட்டார்கள், நடுவர் அவர்களே.

இப்போது அந்தக் கஞ்சிக்கு வருகிறேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்றார்கள். ஆறவிட்டது யார்? 1995-ல் அது சூடாகத்தான் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் முடிவடையாத பதிப்பு ஒன்று இணையத்தில் கசிந்தது. ரசிகர்கள் அதை விடவில்லை. பிழைகளைத் திருத்தி, ஜப்பானிய எழுத்துகளை ஆங்கிலமாக்கி, ஆடினார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனவர்கள் தாங்களே அடுப்பை மூட்டிக்கொண்ட கதை அது. பிறகு, 2017 செப்டம்பரில் நின்டெண்டோவே ஒரு சின்னக் கன்சோலில் 21 விளையாட்டுகளை வைத்து விற்றது. அதில் ஒன்று ஸ்டார் ஃபாக்ஸ் 2. 1995-ல் பிளேஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சப்பட்ட அதே படத்தை, எத்தனையோ தலைமுறைக் கன்சோல்கள் வந்துபோன பிறகு, பெருமையோடு பெட்டியில் அச்சடித்து விற்றார்கள். மக்களும் ஆசையோடு வாங்கினார்கள். அப்படியானால் படத்தின் தரம் எப்போது ஒரு தடையாக இருந்தது?

எப்படியோ வந்துவிட்டதே, இழப்பு என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தச் சின்னக் கன்சோலில் ஸ்டார் ஃபாக்ஸ் 2 நேராகத் திறக்காது. முதலில் பழைய ஸ்டார் ஃபாக்ஸை எடுத்து, அதன் முதல் லெவலை முடிக்க வேண்டும். முடித்தால் பூட்டு திறக்கும். இன்றைய பிள்ளைக்கு அது சில நிமிட வேலை. 1993-ல் அதே லெவலை முடித்துவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று கேட்ட பிள்ளைக்கு அந்தப் பூட்டு திறக்க 24 ஆண்டுகள் ஆயின.

நன்றி. வணக்கம்.