ஓர் ஆசிரியர் அறையின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் அமெரிக்கப் பள்ளிகளின் சுவர்களில் படங்கள் ஏறிவிடும். முதல் கறுப்பின நீதிபதி, முதல் கறுப்பின அமைச்சர், முதல் கறுப்பின ஜெனரல் என்று வரிசையாக மாட்டுவார்கள். கறுப்பின வரலாற்று மாதம் என்று அதற்குப் பெயர். நல்ல வழக்கம்தான். ஆனால் படத்தில் இருப்பவருக்கு லத்தீனும் இயற்கணிதமும் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. இன்றைய என் பேச்சு அந்தப் பதிலைப் பற்றியது. இதற்காக அமெரிக்கா முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. வாஷிங்டன் நகரில் ஒரே ஒரு பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

1870ஆம் ஆண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. பதினைந்தாம் தெருவில் இருந்த ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென்று அரசுப் பணத்தில் ஏற்பட்ட முதல் உயர்நிலைப் பள்ளி அதுதான். 1891இல் எம் தெருவில் சொந்தக் கட்டடம் கிடைத்ததும் எம் தெருப் பள்ளி என்றார்கள். 1916இல் இன்னும் பெரிய கட்டடத்துக்கு மாறியபோது, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைச் சூட்டினார்கள்.

முதல் சில ஆண்டுகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர்களைப் பாருங்கள். மேரி ஜேன் பேட்டர்சன், 1862இல் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் பி.ஏ. பட்டம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் என்று அறியப்படுபவர். இடையில் ஓராண்டு அந்தப் பொறுப்பை வகித்த ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பின்னாளிலும் இதே கதைதான். 1921இல், சில நாள் இடைவெளியில், மூன்று கறுப்பினப் பெண்கள் முனைவர் பட்டம் பெற்றார்கள். நாட்டிலேயே முதல் மூவர். அவர்களில் ஜார்ஜியானா சிம்ப்சன் டன்பார் பள்ளியின் ஆசிரியை. ஈவா டைக்ஸ் அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியையாக வந்தவர். சேடி மொசெல் அங்கே படித்த மாணவி. இப்படி ஓர் ஆசிரியர் அறை எந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வாய்க்கும்?

இத்தனை படித்தவர்கள் ஏன் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தார்கள் என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். விடை கசப்பானது. வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவரை மாணவராகச் சில இடங்களில் சேர்த்துக்கொண்டன. விரிவுரையாளராக வேலை கொடு என்றால், அநேகமாக எல்லாமே கதவைச் சாத்திவிட்டன. பள்ளிகளிலும் அதே நிலைதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய ஜெஸ்ஸி ஃபாசெட்டுக்கு, அவர் வளர்ந்த பிலடெல்பியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் வேலை கிடைக்கவில்லை. வாஷிங்டன் வந்து எம் தெருப் பள்ளியில் பல ஆண்டுகள் பிரெஞ்சு கற்பித்தார். பிறகு எழுத்தாளராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் பெயர் பெற்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. அது சம்பளம். தலைநகரின் பள்ளிகளுக்கு அமெரிக்க நாடாளுமன்றமே பணம் ஒதுக்கியது. அதனால் வெள்ளை ஆசிரியருக்கும் கறுப்பின ஆசிரியருக்கும் ஒரே சம்பள விகிதம். தென் மாநிலங்களில் அதே வேலைக்குக் கறுப்பின ஆசிரியர் பாதிச் சம்பளம் வாங்கிய காலம் அது. திறமைசாலிகள் வாஷிங்டனுக்கு வந்ததில் வியப்பில்லை. 1899இல் நகரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வு வைத்தபோது, மூன்று வெள்ளையர் பள்ளிகளில் இரண்டை எம் தெருப் பள்ளி முந்தியது.

அந்த ஆசிரியர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்னா ஜூலியா கூப்பர். 1858இல் வட கரோலினாவில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே, பாதிரியாராகப் போகும் ஆண்களுக்கென்று ஒதுக்கிய கிரேக்க வகுப்பில் தன்னையும் சேர்க்க வேண்டும் என்று வாதாடி உட்கார்ந்தவர். பத்தொன்பது வயதில் திருமணம், இரண்டே ஆண்டில் கணவர் மறைவு. திருமணமான பெண்கள் வாஷிங்டன் பள்ளிகளில் ஆசிரியையாக இருக்க முடியாது என்பது அன்றைய விதி. விதவைக்கு அந்தத் தடையில்லை! ஓபர்லினில் பட்டம் முடித்து 1887இல் இந்தப் பள்ளிக்கு வந்தார். 1902இல் தலைமையாசிரியை ஆனார்.

அந்த நாளில் கறுப்பினக் குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. தொழிற்கல்வி போதும், தச்சும் தையலும் கற்றுக்கொண்டு முன்னேறட்டும் என்பது கறுப்பினத் தலைவர் புக்கர் வாஷிங்டன் தரப்பு. வெள்ளை நிர்வாகிகளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. எம் தெருப் பள்ளியின் பாடத்திட்டத்தையும் குறைக்கப் பார்த்தார்கள். கூப்பர் அம்மையார் தொழிற்கல்விக்கு எதிரியல்ல. ஆனால் லத்தீனையும் கணிதத்தையும் விட்டுத்தர மறுத்தார். அவர் காலத்தில் பள்ளியின் மாணவர்கள் ஹார்வர்ட், யேல், பிரவுன் ஆகிய பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். அதற்குப் பரிசு என்ன தெரியுமா? பள்ளியில் ஒழுங்கில்லை, நிர்வாகத் திறமையில்லை என்று புகார். கூடவே அவரது தனிவாழ்க்கையைப் பற்றிக் கிசுகிசு. பெண்ணை நாற்காலியிலிருந்து இறக்க எல்லாக் காலத்திலும் கைக்கு எளிதாகக் கிடைக்கும் ஆயுதம் அது. 1906இல் பதவி போயிற்று.

மிசூரி மாநிலத்தில் ஒரு கல்லூரியில் கற்பித்துவிட்டு 1910இல் அதே பள்ளிக்குத் திரும்பினார், இம்முறை சாதாரண லத்தீன் ஆசிரியையாக. தலைமையாசிரியையாக இருந்த இடத்தில் கீழ்நிலையில் வேலை பார்ப்பது எத்தனை பேருக்கு முடியும்? அவர் அங்கிருந்தபடியே முனைவர் பட்டத்துக்குப் படிக்கத் தொடங்கினார். கோடை விடுமுறைகளில் பாரிஸ், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். அதற்கிடையே 1915இல் உறவில் தாயை இழந்த ஐந்து குழந்தைகளை எடுத்து வளர்க்க வேண்டி வந்தது. கைக்குழந்தையும் அவர்களில் உண்டு. நியூயார்க்கில் தங்கிப் படிக்க முடியாத நிலை. விடவில்லை. படிப்பைப் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அடிமைமுறையைப் பிரான்ஸ் எப்படிப் பார்த்தது என்பதே ஆய்வுப் பொருள்.

1924இல் விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸில் ஆவணங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். வாஷிங்டனிலிருந்து தோழி ஒருவரிடமிருந்து செய்தி வருகிறது: அறுபது நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பேச்சு அடிபடுகிறது. அம்மையார் கப்பலேறினார். அறுபதாம் நாள் காலை, ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்பறைக்குள் நுழைந்தார். மாணவர்கள் கைதட்டி வரவேற்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். யார் எப்படி ஆசிரியரை வேலையைவிட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள் என்பது எப்போதும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரிகிறது. மிச்ச ஆய்வை வாஷிங்டன் நூலகத்தில் முடித்து, 1925 மார்ச்சில் பாரிஸில் வாதிட்டு முனைவர் பட்டம் பெற்றார். வயது 66. 1930இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பகலில் வேலைக்குப் போகும் கறுப்பினத்தவருக்கான இரவுக் கல்லூரி ஒன்றை நடத்தினார். கட்டடத்துக்குப் பணமில்லாதபோது டி தெருவில் இருந்த தன் வீட்டிலேயே வகுப்புகளை நடத்தினார். 1964இல், 105ஆம் வயதில் மறைந்தார். விடுதலை மனிதகுலத்தின் பிறப்புரிமை என்று அவர் எழுதிய வரியை அமெரிக்கக் கடவுச்சீட்டில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அதே ஆசிரியர் அறையில் கார்ட்டர் உட்சனும் இருந்தார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர். இந்தப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே நாடாளுமன்ற நூலகத்தில் ஆய்வு செய்து 1912இல் ஹார்வர்டில் முனைவர் ஆனார். 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரம் ஒன்றைத் தொடங்கினார். அது 1976இல் ஒரு மாதமாக நீண்டது. தொடக்கத்தில் சொன்னேனே, சுவரில் ஏறும் படங்கள், அவற்றுக்கு ஆணியடித்தவர் இந்தப் பள்ளி வாத்தியார்தான்.

மாணவர்களுக்கு வருவோம். சுருக்கமாகவே சொல்கிறேன், அவர்கள் படங்கள்தான் எங்கும் இருக்கின்றனவே. நாட்டின் முதல் கறுப்பின ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ், முதல் கறுப்பின மத்திய அமைச்சர் ராபர்ட் வீவர், முதல் கறுப்பின மத்திய நீதிபதி வில்லியம் ஹேஸ்டி, மாசசூசெட்ஸ் மக்கள் 1966இல் தேர்ந்தெடுத்த செனட்டர் எட்வர்ட் புரூக், ரத்த வங்கி முறைக்கு வழி வகுத்த மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூ, வழக்கறிஞர் சார்ல்ஸ் ஹூஸ்டன். எல்லோரும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்.

இவர்களில் பலர் திரும்பவும் வகுப்பறைக்கே வந்தார்கள் என்பதுதான் என்னைக் கவர்கிறது. ஹூஸ்டன் பதினைந்து வயதில் பள்ளியை முடித்தவர். 1929இல் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளிப் பொறுப்பை ஏற்று, மாலை வகுப்பாக நடந்ததை முழுநேரச் சட்டப் பள்ளியாக மாற்றினார். அவரிடம் பாடம் கேட்டவர்தான், பள்ளிகளில் இனப் பிரிவினையை முடித்த 1954ஆம் ஆண்டு வழக்கை வாதாடிய தர்குட் மார்ஷல். ட்ரூவும் அதே பல்கலைக்கழகத்தில் இளம் கறுப்பின அறுவை மருத்துவர்களைப் பயிற்றுவித்தார்.

ஹேஸ்டியைப் பற்றி ஒரு செய்தி. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில், கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளை ஆசிரியருக்கும் சமச் சம்பளம் கேட்டு அலைன் பிளாக் என்ற ஆசிரியை வழக்குப் போட்டார். 1939இல் நிர்வாகம் அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. மாணவர்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். கையில் பிடித்த அட்டைகளில் ஹிட்லர், முசோலினி பெயர்களோடு நார்ஃபோக் பள்ளி வாரியத்தையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்! அடுத்து மெல்வின் ஆல்ஸ்டன் என்ற ஆசிரியர் வழக்கைத் தொடர்ந்தார். 1940இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மார்ஷலோடு நின்ற வழக்கறிஞர்களில் ஹேஸ்டியும் ஒருவர். சமச் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களிடம் படித்த பையன், அது இல்லாத ஊர் ஆசிரியர்களுக்காக வாதாடினான்.

டன்பாரிலும் எல்லாம் பொன்னாக இருக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் வெளிர் நிறத்தவருக்கும் அங்கே தனிச் சலுகை என்ற குறை நகரத்தில் நெடுநாள் இருந்தது. கறுப்பினத்தவருக்குள்ளேயே எழுந்த குறை அது. பிரிவினை இருந்ததால்தான் நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள், அதுவும் ஒரு நன்மைதானே என்று சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டியவர்களைத் துரத்தியடித்தார்கள், அவர்கள் வந்த இடத்தை வளமாக்கினார்கள். பெருமை வந்தவர்களுடையது, துரத்தியவர்களுடையது அல்ல.

1954 தீர்ப்புக்குப் பின் நடந்ததைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. பள்ளிகளை ஒன்றாக்கும்போது பல ஊர்களில் கறுப்பினப் பள்ளியை மூடி, பிள்ளைகளை மட்டும் வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆசிரியர்களை அனுப்பவில்லை. மிசூரியின் மோபர்லி என்ற சிற்றூரில் இருந்த கறுப்பின ஆசிரியர்கள் 11 பேர். ஒருவருக்குக்கூடப் புதிய பள்ளியில் இடம் தரவில்லை. வழக்குப் போட்டார்கள். 1959இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 1954க்கும் 1965க்கும் இடையில் 17 மாநிலங்களில் வேலை இழந்த கறுப்பின ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் 38,000க்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நகரெங்கிலுமிருந்து மாணவர்கள் வந்த டன்பாரும் அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளியாகிப் பழைய நிலையை இழந்தது. 1916ஆம் ஆண்டுக் கட்டடத்தை 1977இல் இடித்தார்கள். 2013இல் எழுந்த இன்றைய கட்டடத்தின் தரையில் பழைய மாணவர்கள் பெயர் பொறித்த தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். இனி வரப்போகிறவர்களுக்காகச் சில தகடுகள் பெயரில்லாமலும் இருக்கின்றன.

அந்த 38,000 பேரின் இழப்பு இன்றும் ஈடாகவில்லை. 2020-21 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 15 சதவீதம், ஆசிரியர்களில் 6 சதவீதம். இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. வட கரோலினாவின் பள்ளிப் பதிவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இது: ஏழைக் குடும்பத்துக் கறுப்பினச் சிறுவனுக்கு மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் அமைந்தாலும், அவன் படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு 39 சதவீதம் குறைகிறது.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் இதற்கு முன்பே ஒரு வேலையில் இறங்கிவிட்டார்கள். தென் கரோலினாவின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கண்டு, 2000 வாக்கில் கறுப்பினக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஆசிரியராக விரும்பும் இளைஞனுக்குக் கல்விக் கட்டண உதவி உண்டு. படித்து முடித்ததும் அவன் அரசுப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். ‘கால் மீ மிஸ்டர்’ என்ற அந்தத் திட்டம் இன்று மற்ற மாநிலங்களிலும் நடக்கிறது. பிப்ரவரி முடிந்ததும் கழற்றி வைக்கிற காரியமல்ல அது, ஆண்டு முழுவதும் நடக்கிறது.

நன்றி. வணக்கம்.