தண்ணீர் வடிந்த தயிர்

வணக்கம் நேயர்களே. கிரீக் யோகர்ட் என்று சின்ன டப்பாவில் விற்கிறார்களே, அதை வைத்து வீட்டில் சுலபமாகச் செய்யக்கூடிய இனிப்பும் காரமும்தான் இன்றைய பேச்சு. டப்பாவில் வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். பாலும் உறையும் மட்டும் என்று இருந்தால் சரி. ஸ்டார்ச், ஜெலட்டின் என்று இருந்தால், தண்ணீரை வடிக்காமல் கெட்டியாக்கிய சரக்கு. 'பிளெயின்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெனிலா டப்பாவில் வெள்ளரிப் பச்சடி போட முடியாது.

டப்பா இல்லாமலே செய்யலாம். தயிரில் உள்ள தண்ணீரை வடித்தால் போதும். ஆனால் அந்த வடிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் ஒரு லிட்டர் எடுங்கள். அதில் 6 சதவீதம் கொழுப்பு இருக்கிறது. நீல பாக்கெட்டில் 3 தான். பால் பொங்கியதும் இறக்கிவிடாதீர்கள். அடுப்பைச் சின்னதாக்கி, கிளறிக்கொண்டே இன்னும் 10 நிமிடம் காய விடுங்கள். அப்போதுதான் பாலில் உள்ள புரதம் உருமாறி, தயிர் கட்டியாக உறையும். பிறகு, சுண்டுவிரலை விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு ஆற விட்டு, இரண்டு டீஸ்பூன் உறை. கூடுதல் உறை போட்டால் சீக்கிரம் புளிக்கும், திரிதிரியாகவும் ஆகும். மே மாதத்தில் நாலைந்து மணி நேரம் போதும். மார்கழியில் ஏழெட்டு ஆகலாம். உறைந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

இப்போது வடிப்பது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிடைக்கிற மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போதும், பழைய வேட்டித் துண்டும் போதும். சோப்பு வாசனை இருக்கக்கூடாது. நனைத்துப் பிழிந்து, ஓட்டை வடிதட்டில் விரித்து, கீழே ஒரு பாத்திரம் வைத்து, தயிரை ஊற்றுங்கள். மேலே தட்டு போட்டு மூடி, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள். மறுபடி சொல்கிறேன், ஃப்ரிட்ஜுக்குள். மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்க விடுகிற பழக்கம் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது. தண்ணீர் வடிகிற அதே நேரத்தில் தயிர் புளித்துக்கொண்டே இருக்கும். பிறகு எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் அந்தப் புளிப்பு போகாது. அவசரப்பட்டுத் துணியைப் பிழியவும் கூடாது. பிழிந்தால் தண்ணீரோடு தயிரும் துணி வழியே வெளியே வந்துவிடும்.

மூடி வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. காசிமேட்டு மீனும் கருவாடும் அதே ஃப்ரிட்ஜில்தானே இருக்கும்! தயிர் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அது பச்சடிக்கும் மசாலாவுக்கும் ஏற்ற பதம். ராத்திரி முழுக்க விட்டால் ஸ்பூனை நட்டால் நிற்கும், அது இனிப்புக்கு. வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசையுங்கள், அல்லது ரசத்தில் புளியைக் குறைத்துக்கொண்டு இதை ஊற்றுங்கள்.

சௌகார்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்ரீகண்ட் தெரிந்திருக்கும். ராத்திரி முழுக்க வடித்த தயிர் 250 கிராம், பொடித்த சர்க்கரை 80 கிராம், ஏலக்காய்த்தூள் கால் டீஸ்பூன், ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் ஊறிய குங்குமப்பூ. தயிரைச் சல்லடையில் தேய்த்து இறக்கினால் கட்டி இல்லாமல் வெண்ணெய்போல வரும். சர்க்கரை போட்டதும் தயிர் கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம். சர்க்கரை தயிருக்குள் மிச்சமிருக்கிற தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது. ஒரு மணி நேரம் குளிர வைத்தால் திரும்ப இறுகும். மாம்பழம் சேர்ப்பதானால் கூழை வாணலியில் பாதியாகச் சுண்டவைத்து, ஆறியபின் சேருங்கள். பச்சை அன்னாசி மட்டும் வேண்டாம். அதன் நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். வேகவைத்த அன்னாசி பரவாயில்லை.

இன்னொன்று, இட்லிப் பானையிலேயே ஆகிறது. வங்காளத்தில் 'பாப்பா தோய்' என்பார்கள். வடித்த தயிர் 200 கிராம், கண்டென்ஸ்ட் மில்க் 200 கிராம், ஏலக்காய். நுரைக்க அடிக்காமல் கலந்து, சின்ன டம்ளர்களில் முக்கால் அளவு ஊற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் அலுமினியத் தாள் மூடி கட்டாயம். இல்லையென்றால் பானை மூடியிலிருந்து ஆவித்தண்ணீர் உள்ளே சொட்டும். மிதமான தீயில் 20 நிமிடம். தீ அதிகமானால் தேன்கூடுபோல ஓட்டை விழுந்து, ஓரத்தில் தண்ணீர் கசியும். ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் வைத்து எடுத்துச் சாப்பிடுங்கள்.

காரத்துக்கு வருவோம். பச்சடிக்கு வெள்ளரியைத் துருவி உப்புப் போட்டு 10 நிமிடம் வையுங்கள். இறுக்கிப் பிழிந்த பிறகு தயிரில் சேருங்கள். இல்லையென்றால் பாடுபட்டு வடித்த தண்ணீர் வெள்ளரி வழியாகத் திரும்ப வந்துவிடும். ஒரு கப் தயிருக்கு ஒரு பல் பூண்டு நசுக்கி, இரண்டு பச்சைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி. தாளிப்பை ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இதையே ரொட்டியில் தடவினால் சாண்ட்விச் ஆகிவிடும்.

அடுத்து மீன் வறுவல். அரைக்கிலோ வஞ்சிரத்துக்கு மூன்று மேசைக்கரண்டி வடித்த தயிர், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு. சாதாரணத் தயிரென்றால் மசாலா வழுக்கி இறங்கும், எண்ணெய் தெறிக்கும். இது ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் புளிப்பில் மீன் குழைந்துவிடும். கோழியென்றால் ராத்திரி முழுக்க ஊறலாம்.

குழம்பில் சேர்ப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: நாலு மேசைக்கரண்டி தயிருக்கு ஒரு டீஸ்பூன் கடலைமாவு கலந்து அடித்து, அதில் ஒரு கரண்டி சூடான குழம்பை ஊற்றிக் கலக்கி, பிறகு சின்னத் தீயில் குழம்பில் சேருங்கள். கிளறிக்கொண்டே இருங்கள், தளதளவென்று கொதிக்க விடாதீர்கள், கொதித்தால் திரிந்துவிடும். வணக்கம்.