ஆறு நிமிடப் பாடம்: பி.எட். வகுப்பில் மைக்ரோ டீச்சிங்

[திரை: கரும்பலகை முன் ஒரு பி.எட். மாணவி. எதிரே பெஞ்சில் சக மாணவர்கள் ஏழெட்டுப் பேர்.]

வணக்கம். பி.எட். சேர்ந்த ஒருவரை முதல் மாதமே நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? பாடம், கரும்பலகை, பின்பெஞ்சுச் சலசலப்பு, மணி அடிக்க மிச்சமிருக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சமாளிக்க வேண்டும். எங்கே சறுக்கினோம் என்று அவருக்கும் பிடிபடாது, பின்னால் உட்கார்ந்து பார்க்கும் பேராசிரியருக்கும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாது.

1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். வகுப்பு சின்னது, நேரம் கொஞ்சம், பழகுவது ஒரே ஒரு திறன். அதுதான் மைக்ரோ டீச்சிங். நம் பாடநூல்களில் நுண்ணிலைக் கற்பித்தல்.

[திரை: 6 – 6 – 12 – 6 – 6]

இந்தியாவில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு சுற்று 36 நிமிடம். 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் அந்தப் பாடத்தை நடத்தும் திட்டத்தைத் திருத்த. பிறகு மறுபடி 6 நிமிடம் பாடம், மறுபடி 6 நிமிடம் பின்னூட்டம்.

சரி, உள்ளே போவோம். இன்றைய திறன், கேள்வி கேட்பது. பாடம், ஒளிச்சேர்க்கை.

"இலை ஏன் பச்சையா இருக்கு?"
"பச்சையம் இருக்கு டீச்சர்."
"வெரி குட்!"

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பெஞ்சில் இருப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கும் பட்டதாரிகள். விடை அவர்களுக்கு முன்பே தெரியும். இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். விவரமான பேராசிரியர், பெஞ்சில் இருக்கும் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்: தப்பாகப் பதில் சொல்.

"செடி மண்ணைச் சாப்பிட்டு வளருது டீச்சர்."

இப்போதுதான் அந்த மாணவிக்கு உண்மையான வேலை. 'தப்பு, உட்கார்' என்று முடிக்கலாம். 'அப்படின்னா தொட்டியில் மண் குறையணுமே, குறையுதா?' என்றும் கேட்கலாம்.

[திரை: பார்வையாளர் குறிப்புத்தாள்]

அப்புறம் பின்னூட்டம். "குரல் நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம் உற்சாகம் வேணும்." இதை வைத்து 12 நிமிடத்தில் என்னத்தைத் திருத்துவது? "எட்டு கேள்வி கேட்டீங்கம்மா. ஏழுக்கு ஒரே சொல்லில் பதில் வந்தது. மூன்றாவதுக்கு நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க." இதை வைத்துத் திருத்தலாம்.

அந்த 12 நிமிடமும் மறுபாடமும்தான் முதலில் வெட்டுப்படும். ரெக்கார்டு நோட்டில் மட்டும் 36 நிமிடமும் பத்திரமாக இருக்கும். பத்துத் திறனை ஒப்புக்கு ஓட்டுவதைவிட மூன்றை முழுச் சுற்றாகச் செய்வது மேல் என்பது என் கருத்து.

ஏனென்றால் அடுத்தது பள்ளி. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014 விதிமுறைப்படி, இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. அங்கே பேராசிரியர் தினமும் வர முடியாது. கூட இருப்பவர் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர். அவர் கையில் மதிப்பெண் பட்டியலோடு இந்தக் குறிப்புத்தாளின் நகலையும் கொடுத்தனுப்பினால், முதல் நாளே எதைக் கவனிப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.