1,60,000 ஓடியாச்சு, வண்டியை விற்கப் போவதில்லை

வணக்கம் மக்களே. இன்றைக்குப் பலகார லோடு வீடியோ கிடையாது. எங்கள் சித்தப்பா மேல் எனக்குக் கொஞ்சம் கோபம், பலகாரம் ஏற்றிப் போகிற என் எலக்ட்ரிக் கார் மேல் ரொம்பப் பெருமை. இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து திரும்பி வரும்போது, திருமயம் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மீட்டர் 1,60,000 ஆனது. ஓரமாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தேன். 2020 கார்த்திகையில் எடுத்த வண்டி, எத்தனை தேன்குழல் டின் சுமந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரி வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. எனக்குக் கிலோமீட்டர்தான் முதலில் வந்தது. ஆறு மாதமாகவே சித்தப்பா, "அதுக்குள்ள தள்ளி விட்டுடும்மா, அப்புறம் பேட்டரி போச்சுன்னா வண்டி விலைக்குச் செலவு வைக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது நாள், வியாழக்கிழமை காலையில், கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வண்டி செத்துப்போனது.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஆறு நாற்பதுக்குப் போய் நிறுத்தினேன். உள்ளே போய் ஆச்சியிடம் டின்களை எங்கே இறக்குவது, முகப்பிலா பின்கட்டிலா என்று கேட்டுவிட்டு வந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாவியை அழுத்தினால் வண்டியில் சத்தமே இல்லை. விளக்கு இல்லை, கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவி டிரைவர் கதவைத் திறந்துவிட்டேன். ஆனால் டிக்கி? அது கரண்ட் பட்டனில் மட்டும்தான் திறக்கும். உள்ளே பன்னிரண்டு டின்: மணகோலம், அதிரசம், சீப்புச் சீடை. ஏழரைக்கு முகூர்த்தம்.

பின் சீட்டை மடக்கி, நானே உள்ளே ஊர்ந்து போய், ஒவ்வொரு டின்னாக இழுத்து முன்னால் கொடுத்தேன். கல்யாண வீட்டுப் பையன்கள் மூன்று பேர் கைமாற்றி வாங்கினார்கள். ஒரு அதிரசம்கூட உடையவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எட்டாவது டின்னின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆச்சி பித்தளை டம்ளரில் காபி கொடுத்து, "பலகாரம் வந்துருச்சுல்ல, வண்டிய மெதுவா பாத்துக்கலாம்" என்றார்.

சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும் போன் செய்து, "வாரண்டி முடிஞ்சு ரெண்டே நாள். நான் சொன்னேன்ல" என்றார். பெரிய பேட்டரி போய்விட்டது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

போனது பெரிய பேட்டரி இல்லை மக்களே. பானெட்டைத் திறந்தால் தெரியும் சின்ன 12 வோல்ட் பேட்டரி, எல்லா பெட்ரோல் காரிலும் இருக்கிற அதே சாதாரண ஈய பேட்டரி. எலக்ட்ரிக் காரில் இது எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கீழே இருக்கிற பெரிய பேட்டரி நூற்றுக்கணக்கான வோல்ட். வண்டி அணைந்திருக்கும்போது அதை மொத்தமாகத் துண்டித்துத்தான் வைத்திருப்பார்கள். அதை இணைக்கிற ரிலே என்கிற சுவிட்சைப் போட இந்த 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, அலாரம் எல்லாமே இதில்தான் ஓடுகின்றன. வண்டி ஓடும்போது பெரியது சின்னதுக்குச் சார்ஜ் ஏற்றும். ஆனால் சின்னது கண் திறக்காவிட்டால் பெரியது எழுந்திருக்காது. அன்றைக்குப் பெரியதில் 84 சதவீதம் இருந்தது. கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தும் மடைக் கதவைத் தூக்க ஆள் இல்லை என்கிற கதை.

என் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 9.2 வோல்ட். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும். பந்தல் சாமான் இறக்க வந்த குட்டி யானை ஒன்று பக்கத்திலேயே நின்றது. அந்த வண்டிக்கார அண்ணனிடம் கேட்டு, அதன் பேட்டரியிலிருந்து இரண்டு வயர் போட்டு, ஒரு நிமிஷம். பெரிய பேட்டரியின் ரிலே "டக்" என்று விழுகிற சத்தம் கேட்டதே, அதைவிட நல்ல சத்தம் நான் இந்த வருஷம் கேட்கவில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன், பின்னால் போகிறேன். இரண்டு வாரம் முன்பே திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்து மறைந்தது. கதவுப் பூட்டும் ஒரு நாள் சோம்பலாக விழுந்தது. அதுதான் அறிகுறி. உங்கள் வண்டியில் அப்படி நடந்தால் அன்றைக்கே வோல்ட் பாருங்கள். 2022 கடைசியில் சர்வீஸில் ஒரு முறை இதை மாற்றியிருக்கிறார்கள், பழைய பில்லைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். நம் ஊர் வெயிலுக்கு ஈய பேட்டரி மூன்று, நான்கு வருஷம் தாங்கினாலே பெரிது.

இப்போது விலை. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேர் சொல்ல மாட்டேன். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும், பேட்டரி 9,400 ரூபாய், வேலைக்கூலி தனி என்றார்கள். காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகிற பேட்டரிக் கடையில் அதே அளவு, அதே ஆம்பியர்: 4,650 ரூபாய். பழைய பேட்டரியைக் கொடுத்ததற்கு 600 கழித்தார். ஆக 4,050! பில்லைக் காட்டுகிறேன், பாருங்கள், இதோ. மாற்ற இருபது நிமிஷம். லாரி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எனக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பெரிய பேட்டரி எப்படி இருக்கிறது? என் சோதனை உங்களுக்குத் தெரியும்: முழு சார்ஜில் மதுரை போய், லோடு இறக்கி, ஊருக்குள் சுற்றித் திரும்பினால் 180 கிலோமீட்டர் சொச்சம். புதுசில் வீட்டுக்கு வரும்போது 18 சதவீதம் மீதி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே பயணம், அதே ஏசி, 7 சதவீதத்தோடு வந்து சேர்ந்தேன். அந்தக் கணக்கில், முழு சார்ஜுக்கு 220 கிலோமீட்டர் ஓடியது இப்போது 194 ஓடும். அஞ்சு வருஷத்துக்கு மேல் இந்த வெயிலில், இந்தச் சுமையில், பத்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம் குறைந்திருக்கிறது. இதற்காகவா விற்க வேண்டும்?

இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இந்த ரகத்தில் ஒரு விசேஷம் உண்டு. நடுவில் எவ்வளவு இருக்கிறது என்பது வோல்ட்டில் சரியாகத் தெரியாது, ரொம்ப தூரத்துக்கு ஒரே மட்டமாகத்தான் இருக்கும். கண்மாயைக் கரையில் நின்று பார்த்து அரையா முக்காலா என்று சொல்ல முடியாது, கலுங்கில் தண்ணீர் போனால்தான் நிறைந்தது என்று நிச்சயம். அதனால் வாரம் ஒரு முறை வீட்டில் மெதுவாக 100 வரை ஏற்றி விடுகிறேன். அப்போதுதான் வண்டியின் கணக்கு நேராகும். ஆனால் ஹைவே வேக சார்ஜரில் 80-க்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. 80-க்கு மேல் அது ஊர்ந்துதான் ஏறும், பின்னால் நிற்பவர் பாவம். எழுந்து போங்கள், ப்ளீஸ்.

வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதும் கிடையாது. ராத்திரிதான். எர்த் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் இந்த 15 ஆம்பியர் பிளக் வைக்க என்ன பாடு பட்டோம் என்று. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்குப் போட்டு நின்றுவிடும். சுண்ணாம்புச் சுவரில் உளி வைக்க அப்பத்தா விடவே இல்லை. வயரை முற்றத்து உத்தரம் ஓரமாகக் கொண்டுபோய், கொல்லையில் உப்பும் கரியும் போட்டுத் தனி எர்த் குழி வெட்டினோம். அன்றிலிருந்து ஒரு நாள்கூடச் சிவப்பு வந்ததில்லை.

மற்ற செலவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டயர் நாலாவது செட் ஓடுகிறது, வண்டி கனம், 40,000-க்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. முன் பிரேக் பேட் 1,28,000-இல்தான் முதல் முறை மாற்றினேன், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிடித்து வேகத்தைக் குறைக்கிறது. சஸ்பென்ஷனில் அதிர்வு தாங்குகிற ரப்பர் புஷ் இரண்டு தடவை, நம் உள்ரோடு அப்படி. கரண்ட் மொத்தம் சுமார் 25,000 யூனிட், எல்லாவற்றையும் 8 ரூபாய் என்று வைத்தாலும் 2 லட்சம். லிட்டருக்கு 15 கொடுக்கிற பெட்ரோல் கார் என்றால், 100 ரூபாய்க் கணக்கில் பத்தரை லட்சத்துக்கு மேல். கொஞ்சமாக ஓட்டுகிறவருக்கு இந்த லாபம் தெரியாது. ஓட ஓடத்தான் தெரியும்.

பேட்டரி என்றாலே பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது, அதுவும் காரைக்குடியில். நம் சிக்ரி இருக்கிறதே! மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த இடம். பேட்டரி ஆராய்ச்சி நம் ஊர்ச் சொத்து. அந்தக் கேட்டைத் தாண்டித்தான் தினமும் போகிறேன்.

சித்தப்பாவை ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குக் கூட்டிப்போனேன், அதைச் சொல்லாமல் விட்டேனே. போகும்போது சதவீதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டித் தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியதும், 7 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிச்சான்னு சொன்னே?" என்று மட்டும் கேட்டார். அறுநூறு என்றேன். தலையாட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

ஏழு மணிக்குத் தேவகோட்டையில் கைமுறுக்கு இறக்க வேண்டும். பிளக்கை எடுக்கிறேன். சார்ஜ் 100, மீட்டர் 1,60,914, புது சின்னப் பேட்டரி 12.7. டிக்கி திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். திறக்கிறது. வருகிறேன் மக்களே.